சந்தியாப்பிள்ளை சொன்ன பெயர்

பேர்லின்
9 மார்ச் 2025

அண்ணை,

"அன்புள்ள" என்று தொடங்கிப் பார்த்தேன், பேனை போகவில்லை. அதனால் வெறும் அண்ணை. உங்கள் நம்பரை நான் அழித்ததும் என் நம்பரை நீங்கள் அழித்ததும் ஒரே கிழமையில்தான். பன்னிரண்டு வருடமாக எங்களுக்கிடையில் தபால்காரனைத் தவிர வேறு வழி இல்லை. சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒரு விஷயம் உங்களுக்கு வேறு ஆட்கள் வாயால் தெரியவரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய ஒலித்தட்டுகள் வைத்திருக்கிறார்கள். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களும் வெள்ளைக்காரக் கப்பல்களில் வேலைசெய்த எங்கள் பக்கத்து ஆட்களும் பேர்லினுக்குத் தெற்கே ஒரு முகாமில் அடைபட்டிருந்தார்கள். அவர்களை ஒரு குழாய்க்கு முன்னால் நிறுத்தி, பேசு என்று சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். பாஷை ஆராய்ச்சியாம். அதில் ஒரு தமிழ்த் தட்டை எழுத்தாக்கி ஜேர்மனில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லி என்னிடம் தந்தார்கள். நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர், வந்த வேலையைச் செய்தேன்.

பேசுகிறவர் பெயர் சந்தியாப்பிள்ளை. கப்பலில் கரி போட்டவர். ஆண்டு 1916. முதலில் ஒரு நரிக்கதை தொடங்குகிறார். அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார்கள். பாதியில் விட்டுவிட்டு இப்படிச் சொல்கிறார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நரிக்கதை இவ்வளவுதான். இவையளுக்கு ஒண்டும் விளங்காது, நான் நரியைப் பற்றிக் கதைக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கினம். இதை எப்பவோ ஒருநாள் ஒரு தமிழ் ஆள் கேக்கும். நான் பாஷையூர் சந்தியாப்பிள்ளை. எங்களைத் தங்கட பக்கம் சண்டைக்கு வரட்டாம். வெள்ளைக்கார ராசாவுக்குக் கரி அள்ளினனான், அது கூலிக்கு. இஞ்சத்தை ராசா கைசருக்காகச் சாகச் சொன்னால் மாட்டன். இரண்டு பேரும் எனக்கு ஆரு? போகாதேங்கோடா எண்டு பெடியளுக்குச் சொன்னது நான்தான். அதைக் கொண்டுபோய்ச் சொன்னவன் கிளாக்கர் நாகமுத்து. கொட்டிலுக்குப் பின்னால நிண்டு கேட்டுப்போட்டுத் துரையிட்டைப் போறவன். அவனுக்குக் குளிருக்குப் போட ஒரு கோட்டுக் குடுத்திருக்கினம். எங்களில மூண்டு பேரைக் கொண்டுபோயிட்டினம், ஒருத்தரும் திரும்பி வரேல்லை. நாளைக்கு என்னைக் கொண்டுபோவினம். பரவாயில்லை. டேய் நாகமுத்து, உன்ர பிள்ளையள் இதைக் கேக்கட்டும்."

அவ்வளவுதான் தட்டு.

கிளாக்கர் நாகமுத்து எங்கள் அம்மாவின் அப்பாவைப் பெற்றவர், எங்கள் பூட்டன். ஹம்பேர்க்கில் பிடிபட்ட சிங்கப்பூர்க் கப்பலின் கிளாக்கர். அந்த முகாமில் வேறு நாகமுத்து இருந்தாரா என்றும் கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை.

நீங்கள் இருபது வருடமாக மேடை மேடையாகச் சொன்னீர்களே, கைசரின் நாட்டிலே விடுதலைக்காக உளவு பார்த்த யாழ்ப்பாணத்தான் என்று. உளவாளிதான், அதில் பொய் இல்லை. யாரைப் பார்த்து உளவு சொன்னார் என்பதில்தான் பிழை விட்டுவிட்டோம்.

வாடகைக்கு எடுத்து வந்த மண்டபத்தை உங்கள் தமிழ்ச் சங்கம் சொந்தமாக வாங்கிவிட்டதாகவும், ஜூன் மாதம் "நாகமுத்து மண்டபம்" என்று பெயர்ப்பலகை திறக்கப் போவதாகவும் சங்கத்துக் கமலநாயகி அக்கா முகநூலில் போட்டிருந்தா. அதற்கு முதல் நீங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தேவமலர்


டுசல்டோர்ஃப்
18 மார்ச் 2025

மலர்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு கிழமை பேனையைத் தொடவில்லை. இல்லாவிட்டால் நான் எழுதியிருக்கக்கூடியதை நீ உன் சட்டத்தரணியிடம் கொண்டுபோயிருப்பாய்.

எங்கள் பூட்டன் யார் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். அவர் ஊருக்குத் திரும்பி வந்தபோது கோட்டையடியில் ஆட்கள் மாலையோடு நின்றார்கள் என்று அம்மா சொல்லி நீயும்தான் கேட்டாய். பேர்லினில் இருந்த இந்தியப் புரட்சிக்காரர்கள் முகாமுக்கு வந்து பேசியபோது பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவர் அவர். அந்தக் கோட்டு ஜேர்மன் பட்டாளம் மரியாதைக்குக் கொடுத்த கோட்டு. அம்மா அதை யாழ்ப்பாணத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தா. இப்போது அது மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள்.

எங்கேயோ கடற்கரையில் பிறந்து கப்பலில் கரி அள்ளிய ஒருத்தன், எரிச்சலில் வாய்க்கு வந்தபடி சொன்னதை நீ வேதவாக்காக எடுத்துக்கொண்டாயா? படித்தவன் மேல் பொறாமை இல்லாத முகாம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தட்டு நூறு வருடத்துக்கு மேல் பழசு. கரகரப்பு இருக்கும், கீறல் இருக்கும். உங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உன் புருஷன் சேயோனோடு நான் நல்லாயிருந்த காலத்தில் நீயே சொன்னாய்: காதில் விழாத இடத்தில் அடைப்புக்குறி போட்டு "விளங்கவில்லை" என்று எழுதுவீர்கள். அந்த ஒரு பெயரில் அப்படி எழுது. கதை அப்படியே இருக்கட்டும். சந்தியாப்பிள்ளை வீரனாக இருக்கட்டும், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஒரே ஒரு சொல். ஒரு ஜேர்மன்காரனுக்கும் அது தெரியவராது.

அண்ணன் என்று ஒருத்தன் உனக்கு இருந்தானென்றால் இதைச் செய்.

மகேந்திரராஜா
தலைவர்


பேர்லின்
26 மார்ச் 2025

அண்ணை,

முடியாது.

காரணம் வேண்டுமா? அந்தத் தட்டில் கரகரப்பு நரிக்கதையில்தான் இருக்கிறது. பெயர் வருகிற இடம் பளிங்கு மாதிரிக் கேட்கிறது. அந்த மனிசன் அந்தப் பெயரைச் சொல்லும்போது வாயைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறார், சத்தம் ஒரேயடியாகக் கூடுகிறது. தன்னைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். நான் அதை விளங்கவில்லை என்று எழுதினால், கொட்டிலுக்குப் பின்னால் நின்ற வேலையை நானும் செய்ததாகத்தான் இருக்கும். இந்த நாட்டில் முப்பது வருடம் அகதிகளுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். அதிகாரிக்குப் பிடிக்காததையும் சொன்னேன், சனத்துக்குப் பிடிக்காததையும் சொன்னேன். உங்களுக்குப் பிடிக்காது என்பதற்காக நிறுத்தப் போவதில்லை.

"எங்கேயோ கடற்கரையில் பிறந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்கமாயில்லையா? அவருடைய சாதியைக் கூசாமல் குத்திக்காட்டி எழுதி, கீழே தலைவர் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.

இனி மற்றக் கதை. நீங்கள் மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. சங்கத் தேர்தலில் சேயோன் உங்களுக்கு எதிராக நின்றதுதான் குற்றம். அதே மண்டபம், அதே மேடை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது சொல்லுக்குச் சொல் என் காதில் இருக்கிறது: "ஒரு தலையாட்டியின்ர மகனிட்டையோ சங்கத்தைக் குடுக்கப் போறியள்?"

சேயோனின் அப்பா, என் மாமா, தலையாட்டினார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? சேயோன்தான் சொன்னார். எங்கள் வீட்டுக் குசினியில், மச்சான் என்று நம்பி, அழுதுகொண்டு சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஆமி சுற்றிவளைப்பில் மாமாவைப் பிடித்து, பதினொரு நாள் அடித்து, விரலை நெரித்து, பிறகு தலைக்குச் சாக்குப் போட்டு ஜீப்பில் இருத்தினார்கள். சனத்தை வரிசையாக நடக்கவிட்டு, இயக்கத்து ஆளைக் கண்டால் தலையை ஆட்டு என்றார்கள். அவர் ஆட்டினார். இரண்டு பேர் பிடிபட்டுப் போனார்கள். அன்றையிலிருந்து இன்றுவரை மாமா எதற்கும் தலையாட்டுவதில்லை. தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாலும் கழுத்தை அசைக்காமல் "ஓம்" என்று வாயால்தான் சொல்வார். தெருவில் ஜேர்மன்காரர் தலையசைத்து வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த மனிசனை நீங்கள் முந்நூறு பேருக்கு முன்னால் இழுத்தீர்கள். சனம் கைதட்டியது. நாங்கள் வீட்டை விட்டு, வேலையை விட்டு, பேர்லினுக்கு வந்தோம். மாமா அதற்குப் பிறகு ஒரு தமிழ்க் கலியாணத்துக்கும் போகவில்லை.

எங்கள் பூட்டனை ஒருவரும் அடித்ததும் இல்லை, விரலை நெரித்ததும் இல்லை. அவர் ஒரு கோட்டுக்குச் செய்தார். நினைத்துப் பாருங்கோ.

தேவமலர்


டுசல்டோர்ஃப்
4 ஏப்ரல் 2025

மலர்,

ஆக, இது பழிவாங்கல். பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்து நல்ல இடத்தில் கத்தி வைத்திருக்கிறாய். சேயோன் பக்கத்தில் இருந்து ஓதித் தருகிறானா, அல்லது இது உன் சொந்தப் புத்தியா?

அந்த ஒலித்தட்டுக் காப்பகத்துக்கு நான் எழுதிவிட்டேன். ஒரு ஆளின் பெயர் கெடுகிற பதிவைப் பொதுவில் வைப்பதற்கு முதல் குடும்பத்தாரின் கருத்தைக் கேட்பார்களாம். நான்தான் மூத்த வாரிசு, எனக்குச் சம்மதம் இல்லை என்று பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். சந்திக்க நாள் குறித்து டெர்மின் தந்திருக்கிறார்கள், நேரிலும் வந்து சொல்வேன். தேவையென்றால் சட்டத்தரணியும் வருவார். நீ மொழிபெயர்த்தது சரியில்லை, குடும்பப் பகை இருக்கிறது என்று சொல்ல எனக்குக் கஷ்டமில்லை.

உனக்கு ஒன்று விளங்கவில்லை, மலர். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்குப் பெயரே இல்லை. ஹோட்டல் குசினியில் என்னை "டூ டா" என்று கூப்பிடுவார்கள். நீ அங்கே என்பது போல. முப்பது வருடம் சட்டி கழுவினேன், உருளைக்கிழங்கு சீவினேன். அந்த நேரம் எனக்குள் நான் வைத்திருந்தது ஒன்றுதான்: டேய், உங்கட கைசருக்கு முன்னால நிண்ட மனிசன்ர பூட்டப்பிள்ளை நான். அதைச் சொல்லித்தான் காலையில் எழும்பினேன். நீ படித்தாய், சத்தியம் செய்தாய், உனக்கு உன் தொழில் இருக்கிறது. பூட்டனை எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? சட்டிதான்.

பெயர்ப்பலகை அடித்தாகிவிட்டது. ஜூன் 14 அன்று அது திறக்கும். நீ என்ன செய்தாலும் திறக்கும்.

மகேந்திரராஜா


பேர்லின்
15 ஏப்ரல் 2025

அண்ணை,

எழுத்தாக்கத்தைப் போன கிழமையே கொடுத்துவிட்டேன். பெயர் இருக்கிறது. கூடவே ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன்: பதிவில் சொல்லப்படும் நாகமுத்து எனது பூட்டன், இதை இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரிடமும் காட்டிச் சரிபார்க்கவும். சரிபார்த்தார்கள். பெயரில் அவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. இனிமேல் குடும்பப் பகை என்று போய் நின்றால் உங்களைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

சேயோன் எனக்கு ஓதித் தரவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "விடும் மலர். உம்மட அண்ணைக்கு அந்த ஒரு பெருமைதான் இருக்கு, அதையும் ஏன் பறிப்பான்?" நீங்கள் சந்தி சிரிக்க வைத்த மனிசன் சொன்னது இது. எனக்குக் கொதி வந்தது. இரண்டு நாள் அவரோடும் கதைக்கவில்லை.

சட்டி கழுவினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டிக் காசில்தான் என்னை இங்கே கூப்பிட்டீர்கள், படிக்க வைத்தீர்கள். என் கண்ணில் பெரிய ஆள் அந்த மகேந்திரராஜாதான். கோட்டுப் போட்ட நாகமுத்து இல்லை. இதை நான் உங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை, அது என் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கோ. அதற்காக அந்தத் தட்டை மூட ஏலாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு மெமரி ஸ்டிக் வைத்திருக்கிறேன். குடும்பத்தார் கேட்கலாம் என்று காப்பகத்தில் அனுமதி வாங்கித்தான் அனுப்புகிறேன். நீங்கள் வாசித்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள், இன்னும் கேட்கவில்லை. ஒருக்கால் கேளுங்கோ. பிறகு சந்தியாப்பிள்ளை பொறாமையில் கதைக்கிறார் என்று எனக்கு எழுதுங்கோ, பார்ப்போம்.

தேவமலர்


டுசல்டோர்ஃப்
11 மே 2025

மலர்,

கேட்டேன்.

வீட்டில் கேட்கப் பயந்து காரில் போட்டேன். ரைன் ஆற்றங்கரைத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு. நரிக்கதை தொடங்கும்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, எங்கள் ஊர்ப் பேச்சு நூறு வருடத்துக்கு முதலும் இப்படியேதான் இருந்திருக்கிறது. பிறகு அவன் "உன்ர பிள்ளையள் இதைக் கேக்கட்டும்" என்றான். கதவைத் திறந்துகொண்டு வெளியே இறங்கிவிட்டேன். ஆற்றங்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு மனிசி வந்து உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டா.

அவன் பொய் சொல்லவில்லை. எழுதிவிட்டேன். இதோடு உனக்குத் திருப்திதானே.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நேர்மையாகப் பதில் எழுது. நான் எண்பத்தைந்தாம் ஆண்டு கிழக்குப் பேர்லினில் வந்து இறங்கினேன். ஜனவரி. மேலில் ஒரு மெல்லிய சேட்டு, காலில் செருப்பு. ரெயில் நிலையத்தில் எங்களோடு நின்ற ஒரு பெடியன் குளிரில் அப்படியே விறைத்து விழுந்தான். எனக்கு அன்றைக்கு எப்படிக் குளிர்ந்தது என்று உனக்குத் தெரியாது, நீ பிறகு விமானத்தில் ஜாக்கெட்டோடு வந்தாய். அந்த நேரம் ஒரு ஆள் கையில் கோட்டோடு வந்து, பக்கத்தில் நிற்கிறவன் என்ன கதைக்கிறான் என்று மட்டும் சொல்லு, இது உனக்கு என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எனக்குத் தெரியாது, மலர். சத்தியமாகத் தெரியாது.

பூட்டன் கெட்டவராக இருந்திருக்கமாட்டார். குளிர்ந்திருக்கும். போரில் பிடிபட்டவன், ஊர் எங்கே என்று தெரியாதவன், உயிர்ப்பயம். அந்த இடத்தில் நின்று பார்க்காமல் நானும் நீயும் தீர்ப்புச் சொல்லலாமா? பலகையை விடு. அவருக்குக் கொஞ்சம் இரக்கமாவது காட்டக் கூடாதா?

ம.


பேர்லின்
17 மே 2025

அண்ணை,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். இதுவரை நீங்கள் எழுதியதெல்லாம் தலைவர் எழுதியது, இது நீங்கள் எழுதியது.

காட்டலாம். பூட்டனுக்கு இரக்கம் காட்டலாம். குளிர்ந்திருக்கும், பயந்திருப்பார், எல்லாம் சரி. சந்தியாப்பிள்ளைக்கும் குளிர்ந்ததுதானே என்று கேட்க எனக்கு நாக்கு நுனியில் நிற்கிறது, இருந்தாலும் விடுகிறேன்.

ஆனால் அண்ணை, அந்த இரக்கத்தை ஒரு வீட்டுக்கு மட்டும் பங்கு பிரிக்க ஏலாது. உங்கள் கடிதத்தில் பூட்டன் என்று இருக்கிற இடமெல்லாம் மாமாவின் பெயரை, தம்பித்துரை என்று போட்டு ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ. உயிர்ப்பயம். அந்த இடத்தில் நின்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? நீங்கள் சொன்னீர்களே. மைக்கில் சொன்னீர்களே. எப்போதோ செத்த மனிசனுக்கு உங்களுக்கு இரக்கம் சுரக்கிறது. இங்கே என் பக்கத்து அறையில் எண்பத்தாறு வயதில் உயிரோடு இருக்கிற மனிசனுக்கு இல்லை.

எனக்கு எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டாம். சேயோனுக்குப் பூச்செண்டு அனுப்ப வேண்டாம். வீட்டுக்குள் கதைத்து முடிக்கிற விஷயம் இல்லை இது. எந்த மேடையில் சொன்னீர்களோ அந்த மேடையில், எந்தச் சனம் கைதட்டியதோ அந்தச் சனத்துக்கு முன்னால். செய்ய முடிந்தால் செய்யுங்கோ. முடியாவிட்டால் பலகையைத் திறந்துகொண்டு சந்தோஷமாக இருங்கோ. நான் இனி எழுத மாட்டேன்.

மலர்


டுசல்டோர்ஃப்
16 ஜூன் 2025

மலர்,

நேற்று முன்தினம் மண்டபம் திறந்தது. வேறு ஆட்கள் உனக்குப் போன் பண்ணிக் கை கால் வைத்துச் சொல்வதற்கு முதல் நானே எழுதுகிறேன்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பார்கள். கமலநாயகி அக்கா விளக்கேற்றினா. பிள்ளைகள் நடனம் ஆடினார்கள். நகரசபையிலிருந்து ஒரு அம்மா வந்து வாழ்த்துச் சொன்னா. பலகைக்கு மேல் பட்டுச்சீலை போட்டு, நாடாவை என் கையில் தந்தார்கள். நான் அதை விட்டுவிட்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போய் நீ அனுப்பிய ஸ்டிக்கைக் குத்தினேன். எனக்கு அந்தப் பெட்டி பிடிபடாது, முதலில் ஏதோ சினிமாப் பாட்டு வந்தது, சனம் சிரித்தது. பிறகு சந்தியாப்பிள்ளை வந்தான். வந்தார்.

நரிக்கதைக்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பெயர் வந்ததும் கமலநாயகி அக்கா எழும்பி, "என்ன விசர் வேலை இது, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினா. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் பெட்டிக்கு வந்தார்கள். நான் குறுக்கே நின்றேன். அறுபத்தைந்து வயதில் ஒருத்தனைத் தள்ளியும் விட்டேன். தட்டு முடியும்வரை ஒருத்தரையும் கிட்ட விடவில்லை.

பிறகு மைக்கை எடுத்தேன். எழுதி வைத்திருந்த பேச்சு சட்டைப் பையில் இருந்தது, அது ஞாபகம் வரவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பன்னிரண்டு வருசத்துக்கு முதல் இதே மேடையில நிண்டு என்ர மச்சான் சேயோனைத் தலையாட்டியின்ர மகன் எண்டு சொன்னனான். நீங்கள் எல்லாரும் கைதட்டினனீங்கள். எனக்குச் சந்தோசமா இருந்தது. இப்ப கேட்டீங்கள்தானே. நான் ஒரு கோட்டுக்காகக் காட்டிக்குடுத்தவன்ர பூட்டப்பிள்ளை. எங்கை, இதுக்கும் கைதட்டுங்கோ பாப்பம்."

ஒருவரும் தட்டவில்லை.

"தம்பித்துரை ஐயாவை அடிச்சு முறிச்சுத்தான் தலையை ஆட்டவைச்சவங்கள். என்ர பூட்டனில ஒருத்தரும் கைவைக்கேல்லை. அப்பிடியிருந்தும் அவருக்குப் பேர்ப்பலகை, ஐயாவுக்கு ஏச்சு. அந்தப் பிழை என்ர வாயால வந்தது. ஐயாவிட்டையும் சேயோனிட்டையும் என்ர தங்கச்சியிட்டையும் இந்த மேடையில நிண்டு மன்னிப்புக் கேக்கிறன். கேக்க விருப்பமில்லாத ஆக்கள் வெளியில போகலாம்."

பாதிப்பேர் போனார்கள். போகிற வழியில் ஒருத்தன், "கிழவனுக்கு மண்டையில தட்டிப்போட்டுது" என்றான். "ஓம், இப்பதான் தட்டினது" என்று மைக்கிலேயே சொன்னேன். பின்வரிசையில் சாந்தமாக இருந்த ஒரு மனிசி மட்டும் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பெயர் மரியமலர் என்றா. சந்தியாப்பிள்ளையின் ஊர், பாஷையூர் ஆள். எங்கள் சங்கத்தில் பத்து வருடமாக இருக்கிறாவாம், ஒருநாளும் எங்களில் ஒருவரும் அவவை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பலகையை நானே கழற்றினேன். ஏணி பிடிக்கக்கூட ஒருத்தரும் வரவில்லை, அவதான் பிடித்தா. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே நான் பெருமையாக எழுதி ஒட்டியதைக் கிழித்துவிட்டு, கோட்டு எதற்குக் கிடைத்தது என்று எழுதி ஒட்டினேன். தமிழிலும் ஜேர்மனிலும். உன் அளவுக்கு ஜேர்மன் வராது, பிழை இருந்தால் இருக்கட்டும்.

இன்று காலை நிர்வாகக் குழு கூடி என்னை விலகச் சொன்னது. மாட்டேன் என்றேன். தூக்க வேண்டுமென்றால் சனத்தைக் கூட்டி, அந்தத் தட்டைத் திரும்பவும் போட்டுக்கொண்டு தூக்குங்கோ என்றேன். யோசிக்கிறார்கள். காப்பகத்துக்கும் எழுதிவிட்டேன், மூத்த வாரிசுக்கு முழுச் சம்மதம், பெயரோடு வையுங்கள் என்று.

மேடையில் கேட்ட மன்னிப்பு ஊருக்குக் கேட்டது. தம்பித்துரை ஐயாவுக்குக் கேட்டிருக்காது. சனிக்கிழமை பின்னேரம் ரெயிலில் வருகிறேன். வர வேண்டாம் என்று நீ எழுதினாலும் வருவேன், அதனால் எழுதிக் கடதாசியை வீணாக்காதே. திறப்பதும் திறவாததும் உங்கள் விருப்பம். திறக்காவிட்டால் வாசலில் நின்றுவிட்டுப் போகிறேன்.

உன் அண்ணன்


பேர்லின்
18 ஜூன் 2025

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து சேயோனுக்கும் மாமாவுக்கும் சத்தமாக வாசித்தேன். சேயோன் இடையில் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். இன்னும் அவருக்கு உங்களில் கோபம் இருக்கிறது, இல்லை என்று பொய் எழுத மாட்டேன். "வரட்டும். ஆனா நான் போய்க் கதவு திறக்க மாட்டன்" என்றார். பன்னிரண்டு வருடக் கோபம் ஒரு கடிதத்தில் போகாது, நீங்கள் அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மாமா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு, மேடையில் நீங்கள் சொன்ன இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொருக்கால் என்றார். அதையும் வாசித்தேன்.

பிறகு சேயோனைப் பார்த்துச் சொன்னார்: "நீ திறக்கவேண்டாம். ஒருத்தரும் எழும்பவேண்டாம். அந்தப் பிள்ளை என்னட்டைத்தான் வருது. நான் திறப்பன்."

எங்கள் வீடு மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. மாமாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை, கதிரையிலிருந்து எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவார், நேரம் எடுக்கும். மணியை ஒருக்கால் மட்டும் அடித்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கோ, போய்விடாதேங்கோ.

மலர்